57 வயதில் மாதம் 80 மணி நேரம்: அமெரிக்க உணவு உதவியின் வேலை விதியும் விலக்குகளும்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உங்கள் சித்திக்கு 57 வயது. சித்தப்பா காலமான பிறகு தனியாக வசிக்கிறார். பலரும் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்று பழைய பெயரால் சொல்லும் ஸ்னாப் உணவு உதவியைப் பெற்று வருகிறார். இந்திய மளிகைக் கடையொன்றில் வாரம் 14 மணி நேரம் போல வேலை செய்கிறார். தெரிந்த குடும்பத்தின் குழந்தையைச் சில மாலைகளில் பார்த்துக்கொள்கிறார். முழங்கால் வலியும் உண்டு. இந்த நிலையில், மாதம் 80 மணி நேரம் வேலை செய்வதைக் காட்டாவிட்டால் மூன்று மாதங்களோடு உதவி நின்றுவிடும் என்று அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அது உண்மையா, அவருக்கு விலக்கு உண்டா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. சட்டம் அவரை இந்த விதிக்குள் கொண்டுவருகிறதா என்பது ஒன்று. அவர் செய்துவரும் வேலையையும் அவருடைய உடல்நிலையையும் ஆவணமாக அலுவலகத்தின் முன் எப்படி வைப்பது என்பது மற்றொன்று. நான் சமூகப்பணி படித்தவள். பல ஆண்டுகளாக இலவசச் சட்ட உதவி மையமொன்றில் இத்தகைய மனுக்களையும் மேல்முறையீடுகளையும் பார்த்து வருகிறேன். நான் பார்த்தவரையில், உதவியை இழப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான் இழக்கிறார்கள். நான் வழக்கறிஞர் அல்ல, அந்தக் கடிதத்தையும் பார்க்கவில்லை. ஆகவே மத்தியச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை உறுதியாகவும், அலுவலக நடைமுறை சார்ந்தவற்றை அதற்குரிய எச்சரிக்கையோடும் சொல்கிறேன்.

ஸ்னாப் திட்டத்தில் வேலை தொடர்பாக இரண்டு விதிகள் தனித்தனியே இருக்கின்றன. கடிதங்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது. முதலாவது பொது வேலை விதி. இது 16 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கானது. வேலைக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும், மாநிலம் பயிற்சிக்கு அனுப்பினால் போக வேண்டும், தகுந்த வேலை தேடி வந்தால் மறுக்கக் கூடாது, வாரம் 30 மணி நேரமோ அதற்கு மேலோ பார்த்துவந்த வேலையைத் தக்க காரணமின்றி விடவோ குறைத்துக்கொள்ளவோ கூடாது என்பவை இதன் நிபந்தனைகள். இத்தனை மணி நேரம் உழைத்தே ஆக வேண்டும் என்ற கணக்கு இதில் இல்லை. இரண்டாவதுதான் உங்கள் சித்தியின் கடிதத்தில் இருப்பது: உடல் தகுதியுள்ள, தம்மைச் சார்ந்த பிள்ளைகள் இல்லாத வயதுவந்தவர்களுக்கான கால வரம்பு. அலுவலகங்களில் இவர்களை ‘ஏபாட்’ என்று குறிப்பிடுவார்கள். இந்த வகையில் வருபவர் மாதம் 80 மணி நேரம் வேலையிலோ, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியிலோ, இரண்டும் கலந்தோ ஈடுபட வேண்டும். இல்லையேல் 36 மாத காலத்துக்குள் மூன்று மாதங்களுக்கு மட்டுமே உதவி கிடைக்கும். ஆக, கடிதம் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது முழுக் கதையும் அல்ல.

சென்ற ஆண்டுகளில் வராத கடிதம் இப்போது ஏன் வந்தது என்ற ஐயம் உங்களுக்கு இருக்கும். இந்தக் கால வரம்பு புதியதல்ல. 1996 ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில் பிறந்தது. அப்போது 18 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. 2009இல் பொருளாதாரம் சரிந்தபோதும், பின்னர் கொரோனா காலத்தில் 2023 ஜூன் முடியும் வரையிலும் நாடு முழுவதும் அது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. 2023இல் அரசு வாங்கும் கடனின் உச்சவரம்பு தொடர்பான உடன்பாட்டின் பகுதியாக வயது வரம்பு படிப்படியாக 54 வரை உயர்ந்தது. அதே சட்டம், முன்னாள் படைவீரர்கள், வீடற்றவர்கள், அரசின் வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வெளிவந்த 24 வயது வரையிலான இளையோர் ஆகிய மூன்று பிரிவினருக்கும் புதிதாக விலக்கு அளித்தது. பிறகு 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரி, செலவினச் சட்டம் வயது வரம்பை 64 வரை நீட்டியது. அந்த மூன்று பிரிவினரின் விலக்கையும் நீக்கியது. பிள்ளை சார்ந்த விலக்கை 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்பதிலிருந்து 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்று சுருக்கியது. உங்கள் சித்தி முன்பு வயதின் காரணமாகவே வெளியே இருந்தார்; இப்போது அந்த மதில் அகற்றப்பட்டுவிட்டது. 60 முதல் 64 வயது வரை உள்ளவர்களின் நிலை இன்னும் விசித்திரமானது. பொது வேலை விதி அவர்களை 60 வயதிலேயே விட்டுவிடுகிறது. மூன்று மாதக் கால வரம்போ அவர்களையும் பிடித்துக்கொள்கிறது. ‘எனக்கு 60 ஆகிவிட்டது, இதெல்லாம் எனக்கில்லை’ என்று கடிதத்தைப் புறக்கணிப்பவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் சித்தியின் கணக்குக்கு வருவோம். நான் முதலில் கேட்பது அவருடைய மணி நேரக் கூலி என்ன என்பதைத்தான். வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவருக்கு இரண்டு விதிகளிலிருந்தும் முழு விலக்கு உண்டு என்பது பலருக்கும் தெரியும். அதே விதியில் இன்னொரு பாதியும் இருக்கிறது: மத்தியக் குறைந்தபட்ச ஊதியத்தை 30 மணி நேரத்தால் பெருக்கி வரும் தொகையை வாரத்தில் ஈட்டினாலும் அதே விலக்கு கிடைக்கும், எத்தனை மணி நேரத்தில் ஈட்டினாலும் சரி. மத்தியக் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் 7.25 டாலராகவே நிற்கிறது. எனவே அந்தத் தொகை வாரத்துக்கு 217 டாலர் 50 சென்ட். இப்போது கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2026ஆம் ஆண்டுக்கான மாநிலக் குறைந்தபட்ச ஊதியம் 16.90 டாலர். 14 மணி நேரத்துக்கு 236 டாலர் 60 சென்ட் வருகிறது. அதாவது உங்கள் சித்தி கலிஃபோர்னியாவில் இருந்து, கடையில் சட்டப்படியான கூலி கொடுத்தால், 80 மணி நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சம்பளச் சீட்டைக் காட்டினால் போதும், அவர் விலக்குப் பெற்றவர். மத்திய ஊதியமே நடப்பில் இருக்கும் டெக்சாஸ் போன்ற மாநிலத்தில் மணிக்கு 9 அல்லது 10 டாலர் வாங்குகிறார் என்றால் வாரத்துக்கு 126 அல்லது 140 டாலர்தான். இந்த வழி அவருக்கு உதவாது. 14 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 15 டாலர் 54 சென்ட் கூலிதான் எல்லைக்கோடு. இந்தக் கணக்கை அலுவலகம் தானாகவே போட்டுப் பார்க்கும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். நீங்களே போட்டு, சம்பளச் சீட்டுகளோடு எழுத்தில் கொடுங்கள்.

அந்த வழி அடைபட்டால் அடுத்தது முழங்கால். உடலாலோ மனத்தாலோ வேலைக்குத் தகுதியற்ற நிலையில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. இதற்கு அரசின் ஊனமுற்றோர் உதவித்தொகை பெற்றிருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு, கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. அரசிடமிருந்தோ தனியார் காப்பீட்டிலிருந்தோ இயலாமைக்கான தொகை பெற்றால் அதுவே சான்றாகும் என்பது உண்மை. ஆனால் அது ஒரு வழி மட்டுமே. மருத்துவர், மருத்துவ உதவியாளர், செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவர் எழுதித் தரும் கூற்றும் சான்றாகும். இயலாமை தற்காலிகமானதாக இருந்தாலும் ஏற்கப்படும். பார்த்த மாத்திரத்தில் தெரியும் இயலாமை என்றால் அலுவலகம் சான்றே கேட்க வேண்டியதில்லை. அந்தக் கூற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இவருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளது’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, மனுவைக் கையாளும் அலுவலரான கேஸ் ஒர்க்கரால் ஒன்றும் செய்ய இயலாது. நோயின் பெயர் வேலைத் திறனைச் சொல்வதில்லை. எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்க முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும், வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்ய இயலுமா, இந்த நிலை எத்தனை மாதங்கள் நீடிக்கும் என்பவற்றை மருத்துவர் எழுத வேண்டும். மாநிலத்தின் படிவம் இருந்தால் அதை அச்செடுத்து மருத்துவரிடம் கொண்டுபோவது நல்லது. இங்கே ஒரு நிச்சயமற்ற இடமும் இருக்கிறது. ‘வாரம் 14 மணி நேரம் வேலை செய்கிறவர் எப்படித் தகுதியற்றவர் ஆவார்’ என்று சில அலுவலர்கள் கேட்பார்கள். கொஞ்ச நேரம் வேலை செய்ய முடிவதும், மாதம் 80 மணி நேரத்தை எட்ட முடிவதும் ஒன்றல்ல என்பதே என் வாதம். அந்த வேறுபாட்டை மருத்துவரின் கூற்று தெளிவாகச் சொன்ன இடங்களில் அது எடுபட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அலுவலகமும் ஏற்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது.

மற்ற விலக்குகளில் உங்கள் சித்திக்குப் பொருந்துவது குறைவு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவுற்றிருப்பவர், ஒரே வீட்டில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பொறுப்பை ஏற்றிருப்பவர், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையையோ தன்னைத்தானே கவனித்துக்கொள்ள இயலாத ஒருவரையோ பராமரிப்பவர், வேலையின்மைக் காப்பீட்டுத் தொகை பெறுபவர், போதை அல்லது மது மீட்புச் சிகிச்சையில் முறையாக இருப்பவர், பாதி நேரமாவது படிப்பிலோ பயிற்சியிலோ சேர்ந்திருப்பவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு ஸ்னாப்பில் தனி விதிகள் இருப்பதால் அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்கப் பூர்வகுடியினருக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக விலக்கு அளித்திருக்கிறது. சித்தி அண்டைக் குடும்பத்தின் குழந்தையைச் சில மாலைகளில் பார்த்துக்கொள்வதைப் பராமரிப்பு விலக்காகக் காட்ட முடியும் என்று நான் கருதவில்லை. அந்தக் குழந்தையின் பொறுப்பு அதன் பெற்றோரிடம்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாலைகள் வேறு விதத்தில் கைகொடுக்கும்.

எப்படியென்றால், 80 மணி நேரத்துக்குக் கணக்கில் வரும் வேலை சம்பள வேலை மட்டுமல்ல. சுயதொழில் கணக்கில் வரும். பணத்துக்குப் பதில் பொருளோ சாப்பாடோ தங்குமிடமோ பெற்றுக்கொண்டு செய்யும் வேலை கணக்கில் வரும். ஊதியமில்லாத தொண்டு வேலையும் கணக்கில் வரும். வாரம் 14 மணி நேரம் என்பது மாதத்துக்கு ஏறத்தாழ 60 மணி நேரம், குறைவது 20தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாலைகள் வாரத்துக்கு ஐந்து மணி நேரமானாலே அந்த இடைவெளி நிரம்பிவிடும். பணம் வாங்கினால் அதை வருமானமாக அலுவலகத்தில் தெரிவித்தாக வேண்டும், மறைக்கக் கூடாது. வருமானம் கூடினால் உதவி குறையும் என்ற அச்சம் இயல்பானதே. ஈட்டும் ஒவ்வொரு டாலருக்கும் உதவியில் 24 சென்ட் குறையும், வாடகைச் சுமை அதிகமுள்ளவர்களுக்கு 36 சென்ட் வரை குறையலாம்; கையில் மிஞ்சுவது பொதுவாக அதைவிட அதிகம். குழந்தை வேலை வேண்டாம் என்றால், உணவு வங்கியிலோ நூலகத்திலோ கோயில் அன்னதானக் கூடத்திலோ உட்கார்ந்து செய்யும் தொண்டு வேலை இந்த முழங்காலோடும் இயலக்கூடியது. ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை ஆகியவற்றை அன்றன்றே எழுதி, பொறுப்பாளரின் கையொப்பத்தையும் தொலைபேசி எண்ணையும் அதே வரியில் வாங்கிவிட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு அந்தக் கடிதம் கடைசி வரை கிடைக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சில மாநிலங்கள் ‘ஒர்க்ஃபேர்’ என்ற ஏற்பாட்டையும் நடத்துகின்றன. அதில் 80 மணி நேரக் கணக்கே கிடையாது; பெறும் உதவித்தொகையைக் குறைந்தபட்ச ஊதியத்தால் வகுத்து வரும் மணி நேரத்தைப் பொதுச் சேவையில் செலவிட்டால் நிபந்தனை நிறைவேறிவிடும். 2025 அக்டோபர் தொடங்கிய நிதியாண்டில் தனி ஒருவருக்கான உச்ச உதவி மாதம் 298 டாலர், அதை 7.25ஆல் வகுத்தால் 41 மணி நேரம். சித்தி வருமானம் உள்ளவர் என்பதால் அவர் பெறுவது 298ஐவிடக் குறைவாக இருக்கலாம், அப்போது மணி நேரமும் அதற்கேற்பக் குறையும். மாநிலக் குறைந்தபட்ச ஊதியம் கூடுதலாக இருந்தால் அதைக் கொண்டே வகுக்க வேண்டும் என்பதால் இன்னும் குறையும். எல்லா மாநிலங்களும் இதை நடத்துவதில்லை; ஆனால் கேட்டுப் பார்ப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

மூன்று மாதம் என்பதும் காலண்டரில் அடுத்து வரும் மூன்று மாதங்கள் அல்ல. முழு மாத உதவி பெற்று, விலக்கும் இல்லாமல், நிபந்தனையையும் நிறைவேற்றாமல் கழிந்த மாதம்தான் எண்ணப்படும். மனு மாதத்தின் நடுவில் ஏற்கப்பட்டு, பகுதித் தொகை மட்டும் வந்த மாதம் எண்ணப்படாது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் எண்ணப்பட்ட மாதங்கள் கூடவே வரும். வேலையில் இருக்கும்போதே நோய், வீட்டில் அவசரம், வண்டி கிடைக்காதது போன்ற தற்காலிகக் காரணத்தால் ஒரு மாதம் 80ஐ எட்டவில்லை என்றால், காரணத்தைத் தெரிவித்து அந்த மாதத்தைக் காப்பாற்றிக்கொள்ள இடமிருக்கிறது. உதவி நின்றே போனாலும், தொடர்ச்சியான எந்த 30 நாட்களிலாவது 80 மணி நேரம் வேலை செய்து காட்டினாலோ, இடையில் விலக்குக்குத் தகுதி பெற்றாலோ, 36 மாதம் முடியும் வரை காத்திராமல் மீண்டும் மனுச் செய்யலாம். அப்படி வேலை செய்து திரும்ப வந்தவர் பின்னர் மறுபடியும் வேலையை இழந்தால், ஒரே ஒரு முறை, தொடர்ச்சியாக இன்னும் மூன்று மாதங்கள் கிடைக்கும். வேலை நேரம் வாரத்துக்கு 20க்குக் கீழே போனால் அதைத் தெரிவிக்கும் கடமையும் இவர்களுக்கு இருக்கிறது.

வேலைவாய்ப்பே இல்லாத ஊர்களுக்கு விதிவிலக்கு இல்லையா என்று கேட்கலாம். முன்பு மாநிலங்கள், போதிய வேலை இல்லை என்பதைப் பல வகைப் புள்ளிவிவரங்களால் காட்டி, மாவட்ட வாரியாகக் கால வரம்பைத் தள்ளிவைத்து வந்தன. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கதவைப் பெரும்பாலும் மூடிவிட்டது. வேலையின்மை 10 விழுக்காட்டைத் தாண்டும் பகுதிகளுக்கு மட்டுமே இப்போது இடமுண்டு, அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் சற்றுத் தளர்வான தனி அளவுகோல். இவை தவிர, தங்கள் விருப்பப்படி தனிநபர்களுக்கு வழங்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான விலக்கு மாதங்கள் ஒவ்வொரு மாநிலத்தின் கையிலும் உண்டு. அவற்றை யாருக்கு, எப்போது கொடுப்பது என்பது மாநிலத்தின் முடிவு. உரிமையாகக் கோர முடியாது, வேண்டுகோளாக வைக்கலாம்.

இந்த விதி மக்களை வேலைக்கு அனுப்புகிறதா என்பது பற்றி என் கருத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியா மாநிலத்தின் நிர்வாகப் பதிவுகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் செய்து 2023இல் வெளியான ஆய்வில், விதிக்கு உட்பட்ட பெரியவர்களிடையே உதவி பெறுவோர் 53 விழுக்காடு குறைந்தார்கள் என்றும், வேலையில் இருப்போர் எண்ணிக்கையில் அதனால் மாற்றம் தென்படவில்லை என்றும், வீடற்றவர்களே அதிகமாக வெளியே தள்ளப்பட்டார்கள் என்றும் தெரியவந்தது. ஒரு மாநிலத்தின் அனுபவத்தை நாடு முழுவதற்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. 50 வயது கடந்தவர்களுக்கு இந்த விதி என்ன செய்யும் என்பதை அந்த ஆய்வைக் கொண்டு மட்டும் சொல்லவும் முடியாது. ஆயினும் நான் நேரில் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது: உழைக்க மறுத்து வெளியேறியவர்களைவிட, உழைத்துக்கொண்டே ஆவணம் கொடுக்கத் தவறியவர்களையும், விலக்கு இருந்தும் அதைக் கேட்காதவர்களையும் அதிகம் பார்க்கிறேன். இனி நிலைமை இறுகும் என்றே நினைக்கிறேன். 2026 அக்டோபர் முதல் நிர்வாகச் செலவில் மாநிலங்களின் பங்கு 50 விழுக்காட்டிலிருந்து 75 ஆக உயர்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு முதல், உதவித்தொகையைக் கணக்கிடுவதில் பிழை அதிகமுள்ள மாநிலங்கள் அந்தத் தொகையிலேயே ஒரு பங்கை ஏற்க வேண்டும். பிழைக்குத் தண்டனை வரும்போது அலுவலகங்கள் இன்னும் அதிகமாகக் காகிதம் கேட்கும் என்பது என் கணிப்பு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. உங்கள் சித்தி குடியுரிமை பெற்றவர் என்பதால் குடிவரவு நிலை அவருக்குத் தடையல்ல. கிரீன் கார்டு பெற்ற வயதுவந்தவர்கள் பொதுவாக ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்களுக்குத் தகுதியே கிடையாது. இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் பெற்றவர்கள் முன்பு உடனே தகுதி பெற்றார்கள். 2025ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவர்களும் கிரீன் கார்டு கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியவர்கள்.

கடிதத்துக்குப் பதில் தரும்போது சம்பளச் சீட்டுகள், மருத்துவரின் கூற்று, குழந்தைப் பராமரிப்பு அல்லது தொண்டு வேலையின் நேரக் குறிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். ஒன்று ஏற்கப்படாவிட்டாலும் மற்றொன்று நிற்கும். நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள், இணையத்தில் ஏற்றினால் உறுதிப்படுத்தும் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். இதற்கு மேலும் உதவியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தால், அந்த முடிவை எதிர்த்து 90 நாட்களுக்குள் நியாய விசாரணை கோரும் உரிமை அவருக்கு உண்டு. தொலைபேசியில் வாய்மொழியாகக் கேட்டாலே போதும், அலுவலகம் ஏற்றாக வேண்டும். ஆனால் அறிவிப்பில் குறித்த தேதிக்கு முன்பே கேட்டால்தான், தீர்ப்பு வரும் வரை அல்லது உதவிக்கு ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற அவருடைய தற்போதைய தகுதிக் காலம் முடியும் வரை, உதவி நிற்காமல் தொடரும். பொதுவாக அதற்குக் கிடைக்கும் அவகாசம் 10 நாட்கள்தான். விசாரணையில் தோற்றால் இடையில் பெற்றதைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் அறிவிப்பு வந்த அன்றே கேட்டுவிடுங்கள், அருகிலுள்ள இலவசச் சட்ட உதவி மையத்தையும் அன்றே அழையுங்கள்.